பிடித்த மீனை விட்டுவிடும் ஏரி

அமெரிக்காவின் நியூயார்க் நகரில், அடுக்குமாடிகளுக்கு நடுவே 843 ஏக்கரில் கிடக்கிறது சென்ட்ரல் பார்க். அதன் வடகிழக்கு மூலையில் ஹார்லெம் மீர் என்று ஓர் ஏரி. 'மீர்' என்றால் டச்சு மொழியில் ஏரி. பரப்பு 11 ஏக்கர்தான். நம்மூர்ப் பஞ்சாயத்துக் குளம் ஒன்றின் அளவு.

கோடைக்காலத்தில் இந்தக் கரையில் தூண்டிலோடு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். கூடவே தாத்தா, பாட்டிகளும் இருப்பார்கள். ஏரிக்கரையில் உள்ள டானா மையம் 1993-ல் திறக்கப்பட்டது. அடையாள அட்டையைக் காட்டினால் காசு வாங்காமல் தூண்டில் கழி கொடுப்பது அதன் வழக்கம். இரைக்கு மண்புழு கிடையாது, மக்காச்சோள முத்துதான். 16 வயது நிறைந்தவர் என்றால் மாநில அரசின் மீன்பிடி உரிமம் கையில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அதுவும் தேவையில்லை.

பிடிக்கலாம், ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நியூயார்க் நகரப் பூங்காக்களின் நன்னீர் ஏரிகள் எல்லாவற்றுக்கும் இதுதான் சட்டம். மாட்டிய மீனை அந்த இடத்திலேயே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். குழம்புக்கு ஆகாத மீன்பிடிப்பு எதற்கு என்று நம்மவர்களுக்குத் தோன்றும். பதினோரு ஏக்கர் தண்ணீர், சுற்றிலும் பல லட்சம் மக்கள். பிடித்தவர் எல்லாம் எடுத்துப் போனால் ஒரு கோடைக்குக்கூட மீன் தாங்காது.

விடுவதற்கும் முறை உண்டு. நம்மூர்த் தூண்டில் முள்ளில் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாக ஒரு சின்ன முள் நீட்டிக்கொண்டிருக்கும். மீன் கழன்று போகாமல் பிடித்துக்கொள்வது அதுதான். அங்கே அந்தச் சின்ன முள் இல்லாத தூண்டில்தான் போடலாம். வாயைக் கிழிக்காமல் எடுத்துவிடலாம். ஈயக் குண்டு கட்டவும் தடை. அறுந்து விழும் ஈயத்தை விழுங்கும் நீர்ப்பறவைகள் செத்துப்போகின்றன.

மீனைத் தொடுவதற்கு முன் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். மீனின் மேல் உள்ள வழுவழுப்பு சும்மா இல்லை. பூஞ்சாணமும் பாக்டீரியாவும் உள்ளே புகாமல் தடுப்பது அதுதான். உலர்ந்த கை பட்டால் அது உரிந்துவிடும். அன்றைக்கு நீந்திப் போகும் மீன் சில நாள் கழித்துப் புண் வந்து சாகும். பண்ணைக்குட்டையில் வளர்ச்சி பார்க்க வலை இழுத்து, கட்லாவையும் ரோகுவையும் காய்ந்த துண்டில் போட்டு எடை பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஏரி இயற்கையானது அல்ல. ஓம்ஸ்டெட், வாக்ஸ் என்ற இருவர் பூங்காவை வடிவமைத்தபோது, சதுப்பாகக் கிடந்த இடத்தை 1860-களில் வெட்டி எடுத்தார்கள். பின்னாளில் கரை முழுக்க சிமென்ட் பூசப்பட்டது. அதன்பின் பராமரிப்பு இல்லாமல் தூர்ந்து, குப்பைக்குளமாகிப் போனது. தூர் வாரி, சிமென்டை எடுத்துவிட்டு, செடிகொடிகளோடு மண்கரையை மீட்டு 1993-ல்தான் நிமிர்த்தினார்கள்.

இன்றும் ஒரு தொல்லை தீரவில்லை. ஏரிக்கு வருவது நகரத்தின் குடிநீர். பழைய குழாய்களில் இருந்து ஈயம் கரைந்து வராமல் இருக்க அந்த நீரில் பாஸ்பேட் கலக்கிறார்கள். நாம் மீன்குட்டையில் தண்ணீர் பச்சை பிடிக்க சூப்பர் பாஸ்பேட் போடுகிறோமே, அதே வேலையை அங்கே குடிநீர் செய்துவிடுகிறது. வெயில் ஏறினால் நீலப்பச்சைப் பாசி திரண்டுவிடும். அதில் நஞ்சு உள்ள வகைகளும் உண்டு என்பதால் நாயைத் தண்ணீரில் இறக்காதீர்கள் என்று அறிவிப்பு வைப்பார்கள்.

2013-ல் இந்தக் கரையில் வேறொரு அறிவிப்பும் வந்தது. எந்த மீனையும் விட்டுவிடு என்று சொல்லும் ஏரியில், ஒரு மீனை மட்டும் பிடித்தால் விடாதே, தகவல் சொல் என்றது அந்தப் பலகை. அதில் படமாக இருந்தது நம் விராலின் பங்காளி. அங்கே அதற்குப் பெயர் 'பாம்புத்தலை'. சீனா, கொரியா பக்கத்து இனம். விரால் குஞ்சு எங்கே கிடைக்கும் என்று கேள்வி அனுப்பும் வாசகர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். சந்தையில் கட்லாவைவிடக் கூடுதல் விலை போகும் சாதியை அங்கே கொல்லச் சொல்கிறார்கள்.

காரணம் உண்டு. இந்த மீன் காற்றையும் சுவாசிக்கும், ஈரம் இருந்தால் தண்ணீருக்கு வெளியிலும் தாக்குப்பிடிக்கும். செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைத் தாய்விரால் மேய்த்துக்கொண்டு போவதை வாய்க்கால் ஓரத்தில் பார்த்தவர்களுக்கு, அதன் குஞ்சுகள் எப்படித் தப்பிப் பிழைக்கின்றன என்று தெரியும். சீனத்து வகை பனிக்கட்டி மூடிய குளத்திலும் குளிர்காலத்தைக் கடந்துவிடும். அங்கே உள்ள சிறு மீன்களுக்கு இப்படி ஒரு வேட்டைக்காரன் பழக்கமே இல்லை.

பயம் தொடங்கியது மேரிலாந்து மாநிலத்தில், கிராஃப்டன் என்ற ஊரின் சிறு குளத்தில். உடம்பு சரியில்லாத தங்கைக்கு சூப் வைத்துக் கொடுக்க, ஒருவர் நியூயார்க் சந்தையில் இருந்து இரண்டு பாம்புத்தலை மீன்களை உயிரோடு வரவழைத்தார். மீன் வருவதற்குள் தங்கைக்குக் குணமாகிவிட்டது. கொல்ல மனம் வரவில்லையோ என்னவோ, தொட்டியில் வைத்து வளர்த்தார். பெரிதானதும் குளத்தில் விட்டுவிட்டார். 2002-ல் அந்தக் குளத்துக்கு ரோட்டெனோன் என்ற மீன்கொல்லி மருந்தை ஊற்றினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட விரால் குஞ்சுகள் செத்து மிதந்தன. குளத்தில் இருந்த மற்ற மீன்களும் தப்பவில்லை.

நாம் குட்டை தயாரிக்கும்போது ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏக்கருக்கு 1,000 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கு போட்டு வேண்டாத மீனைக் கொல்கிறோமே, அதே கதைதான். அதே ஆண்டில் இந்த இனத்தை உயிரோடு இறக்குமதி செய்ய அமெரிக்க அரசு தடை போட்டது. தாமதம்தான். 2004-ல் பொட்டோமாக் ஆற்றில் அது பிடிபட்டது. ஆற்றுக்கு மருந்து ஊற்ற முடியுமா? பிடித்துச் சாப்பிடுங்கள் என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார்கள். பாம்பு என்ற பெயரைக் கேட்டு ஜனங்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று, 2024-ல் மேரிலாந்து மாநிலம் அதற்கு 'செசபீக் சன்னா' என்று சட்டம் போட்டே பெயர் மாற்றியது. சன்னா என்பது விரால் இனத்தின் அறிவியல் பெயர். கொண்டைக்கடலை அல்ல.

இங்கே நடப்பது இதன் மறுபக்கம். கண்ணாடித் தொட்டிக்கு வாங்கி, பெரிதானதும் ஏரியில் விடப்பட்ட டேங்க் கிளீனர் மீன் இன்று வலைகளில் குப்பையாக வருகிறது. 1952-ல் நாட்டுக்குள் வந்த ஜிலேபிக் கெண்டை இல்லாத குளம் அரிது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கத் தடை இருந்தும், மழையில் குட்டை உடைந்து அது ஓடைக்குப் போவது நிற்கவில்லை. குட்டையின் வடிகாலில் கம்பிவலை இல்லை என்றால், விடுவது நம் கையாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

ஹார்லெம் மீரில் மக்காச்சோள முத்துக்கு அதிகம் மயங்குவது சாதாக் கெண்டை. அதுவும் அந்த மண்ணின் மீன் அல்ல. 1870-களில் ஐரோப்பாவில் இருந்து அமெரிக்க அரசே தருவித்து, ஊர் ஊராகக் குளங்களுக்குக் கொடுத்தது. நம் ஊட்டி ஏரிக்கும் 1939-ல் இலங்கை வழியாக அதன் வகை ஒன்று வந்தது. சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும் மீன்தான். ஆனாலும் அந்தக் கரையில் அது பிடிபட்டால், பிள்ளைகள் கையை நனைத்துக்கொண்டு முள்ளை எடுத்து, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள்.