ஒருக்களிச்சுப் படு

இப்போதும் நடுராத்திரியில் விழிப்பு வந்தால், ஒருக்களித்து முழங்காலை வயிற்றோடு சேர்த்துத்தான் கிடக்கிறேன். கட்டிலில் முக்கால்வாசி சும்மா கிடக்கிறது. "ஏல, ஒருக்களிச்சுப் படுல." பம்பாய்த் தாராவியில் எங்கள் ஒற்றையறைக் கோலிக்குள் விளக்கணைத்த பிறகு கேட்கும் கடைசிக் குரல் அம்மாவுடையது.

பத்துக்குப் பன்னிரண்டு அடி. அடுப்பு, கழுவுகிற மோரி, தண்ணி டிரம், தகரப்பெட்டிகள் பிடித்துக்கொண்டது போக மிச்சம் இருந்த தரையில் ஒன்பது பேர். சுவரோரம் ஆச்சி, அத்தை, அத்தையின் இரண்டு பெண்கள், நான், தம்பி, அப்பா. வாசல் பக்கம் அம்மா. விடியுமுன் குழாயடிக்குக் குடத்தோடு ஓட வேண்டியவள். மல்லாந்து படுத்தால் எட்டுப் பேருக்கே காணாது.

ஒன்பதாவது ஆள் சித்தப்பா. அவருக்கு மில்லில் ராத்திரி ஷிப்டு. நாங்கள் எழுந்த பாயில் அவர் வந்து படுப்பார், சாயங்காலம் அவர் எழுந்த பாயை நாங்கள் விரிப்போம். அந்தப் பாய் ஆறியதே இல்லை. பகலில் வீட்டுக்குள் யாரும் சத்தம் போடக் கூடாது. சந்தில்தான் படிப்பு, விளையாட்டு, சண்டை எல்லாம். அந்தச் சந்தில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். தோல் ஷாப் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தாத்தா காலத்தில் அங்கே சதுப்பும் சேறுமாய் இருந்ததாம். குப்பையையும் மண்ணையும் கொட்டி மேடாக்கியவர்கள் அவர்கள்தான். அந்தத் தரையை யாரோ கொடுத்த இடம் என்று பேசுவதைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

1982 ஜனவரி 18. பம்பாயின் துணி மில்கள் நின்றன. சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தம் என்று பிற்பாடு படித்தேன். எனக்கு அன்று தெரிந்தது, சித்தப்பா ராத்திரியில் வீட்டில் இருக்கிறார் என்பது மட்டும்தான். முதல் இரண்டு நாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். மூன்றாம் நாள் சாக்கை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் போய்விட்டார்.

"உள்ள வந்து படுங்க தம்பி."

"இல்ல மைனி, வெளிய நல்லா காத்து வருது."

அம்மாவுக்குப் பயம். முந்தின வருஷம் ஜூலையில்தான், கொட்டும் மழையில், நடைபாதைக் குடிசைகளைப் பிய்த்து ஆட்களை ஊருக்குப் பஸ் ஏற்றினார்கள். வெகுகாலம் கழித்து, 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்ன நடைபாதைவாசிகள் வழக்கின் தீர்ப்பைப் படித்தேன். மனு போட்டவர்களில் ஒருவர் சேலத்துக் கூலித் தொழிலாளி, 1961இல் பம்பாய்க்கு வந்தவர். குடும்பத்தோடு அவரைச் சேலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவியும் மகள்களும் அங்கேயே தங்க, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து மறுபடி நடைபாதையில் ஒண்டினார். பிழைப்பும் உயிர்வாழும் உரிமையில் சேர்ந்தது என்றது நீதிமன்றம். ஆனாலும் முறைப்படி அறிவித்து அப்புறப்படுத்தலாம் என்றது. அந்த வருஷம் அக்டோபர் 31 வரை, அதாவது மழைக்காலம் முடிந்து ஒரு மாதம் வரை, கை வைக்கக் கூடாது என்றும் தேதி போட்டது. மழை என்ற சொல்லைத் தாண்டி எனக்கு வாசிப்பு ஓடவில்லை.

சித்தப்பா வெளியே போனதும் இனி காலை நீட்டலாம் என்று எனக்கு உள்ளூர சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அம்மா விடவில்லை. அப்பாவுக்கும் தம்பிக்கும் நடுவில் சித்தப்பாவின் போர்வையை மடித்து வைத்தாள். யாராவது உருண்டு அந்தப் பக்கம் போனால் இருட்டிலேயே தொடையில் ஒரு தட்டு. "ஒருக்களிச்சுப் படுல." எட்டுப் பேர்தானே, எதற்கு இந்தப் பாடு என்று எத்தனையோ ராத்திரி முனகியிருக்கிறேன்.

ஜூனில் ஒரு நாள் தகரக் கூரை அதிர மழை இறங்கியது. கதவு திறந்தது. தலையில் சாக்கோடு சித்தப்பா நின்றார். அம்மா எதுவும் கேட்கவில்லை, துண்டை எடுத்து நீட்டினாள். அவர் தலையைத் துவட்டிக்கொண்டு, எங்கள் கால்களைத் தாண்டி வந்து, போர்வையை விரித்துப் படுத்தார். யாரும் நகர வேண்டியிருக்கவில்லை.