நடுச்சுவரில் பிடிக்கும் அளவு

தஞ்சாவூர்ப் பக்கம் சாலையோரங்களில் கிணற்று உறை வார்க்கும் பட்டறைகள் உண்டு. மணற்பாங்கான நிலத்தில் வெறும் குழி நிற்காது, சரிந்துவிடும். அதனால் உறையைத் தரையில் வைத்து, உள்ளே இறங்கி மண்ணை அள்ளுவார்கள். அள்ள அள்ள அது தன் கனத்திலேயே கீழே போகும். அதன்மேல் அடுத்த உறை. கீழடியில் கிடைத்த சுடுமண் உறைகளுக்கும் இவற்றுக்கும் பொருள்தான் வேறு.

நான் கல்லூரியில் தொகைநுண்கணிதம் நடத்துகிறவன். உருளை ஆயத்தொலைவுகளில் ஒரு சிறு துண்டின் கன அளவு என்ன? ஆரத்தில் சிறு மாற்றம், கோணத்தில் சிறு மாற்றம், உயரத்தில் சிறு மாற்றம் மூன்றையும் பெருக்கி, கூடவே ஆரத்தையும் பெருக்க வேண்டும். அந்த ஆரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மாணவர்கள் ‘ஜேக்கோபியன் சார்’ என்பார்கள். பதில் சரிதான். ஆனால் எந்த ஆரம் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். துண்டுக்கு உள்விளிம்பு ஒன்று, வெளிவிளிம்பு ஒன்று இருக்கிறதே.

பட்டறையில் மேஸ்திரி அண்ணன் கம்பி வளைத்துக்கொண்டிருந்தார். மூன்றடி உள்விட்டம், இரண்டு அங்குலச் சுவர், ஓரடி உயரம். பக்கத்தில் ஓர் அக்கா அச்சின் உள்தகட்டுக்குப் பழைய எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஓர் உறைக்கு எவ்வளவு கலவை ஆகும் என்று கேட்டேன்.

“இந்தக் கம்பி வளையம் சுத்தளவு பத்தடி சார். பத்தடிய ரெண்டு அங்குலத்தால, ஓரடியால பெருக்குனா ஒன்னே முக்காலுக்குக் கொஞ்சம் கொறையும். அவ்ளோதான்.”

“உள்பக்கச் சுற்றளவை எடுத்தால் என்னண்ணே?”

“பத்தாது. வெளிப்பக்கம் எடுத்தா மிஞ்சும். கம்பி நடுச்சுவருல இல்ல நிக்கிது? அதத்தான் எடுக்கணும்.”

அங்கேயே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். உள்சுற்றளவை வைத்தால் 1.57 கன அடி. வெளிச்சுற்றளவை வைத்தால் 1.75. நடுவில் வைத்தால் 1.66. வெளி உருளையிலிருந்து உள் உருளையைக் கழித்துப் பார்த்தாலும் அதே 1.66தான். இது தோராயம் அல்ல, துல்லியம். வெளி ஆரத்தின் வர்க்கத்திலிருந்து உள் ஆரத்தின் வர்க்கத்தைக் கழித்தால், சராசரி ஆரத்தின் இருமடங்கைச் சுவர்க் கனத்தால் பெருக்கியதுதான் வரும். சுவர் எவ்வளவு தடித்தாலும் இது மாறாது. கட்டட மதிப்பீட்டில் மையக்கோட்டு முறை என்று பொறியாளர்கள் கையாள்வதும் இதையே.

கோளத்தில் இப்படி அமையாது. அரைக்கோளக் கூரைக்குச் சராசரி ஆரத்தின் பரப்பைக் கனத்தால் பெருக்கினால் விடை இம்மியளவு குறையும். அங்கே ஆரம் இருமுறை பெருக்கப்படுவதுதான் காரணம்.

மண் அள்ளுகிறவர்களுக்கு இந்த ஆரம் உடம்பில் தெரிகிற விஷயம். பெரிய வட்டக் கிணறு வெட்டும்போது, ஓரடி ஆழத்துக்கு, நடுவிலுள்ள ஓரடி ஆர வட்டத்தில் 3.14 கன அடி மண்தான் வரும். ஒன்பதடி ஆரத்திலிருந்து பத்தடிக்கு அகலப்படுத்தினால் ஏறத்தாழ 60 கன அடி, அதாவது அரை யூனிட்டுக்கும் மேல். ஆரத்தில் கூடியது அதே ஓரடி, மண்ணோ பத்தொன்பது மடங்கு. ‘இன்னும் ஓரடிதானே, அகலப்படுத்திக் கொடுங்கள்’ என்று கூலியை ஏற்றாமல் சொல்கிற நில உடைமையாளர் பெரிய அநியாயம் செய்கிறார். உள்ளே நிற்கிறவர்களுக்கு அது உடனே தெரியும். கணக்குப் போட்டுச் சொல்லத்தான் அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

நுண்கணிதம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜேக்கோபியனைப் பலகையில் எழுதுவதற்கு முன்பு, மாணவர்களை ஓர் உறைப் பட்டறைக்கு அழைத்துப் போங்கள். டேப்பைக் கையில் கொடுத்து, எங்கே பிடிப்பது என்று அவர்களையே முடிவெடுக்கச் சொல்லுங்கள். அன்றைக்குப் பாடம் நடத்தும் மேஸ்திரிக்கு, கல்லூரிக்கு வரும் மற்ற சிறப்பு விருந்தினர்களுக்குக் கொடுக்கும் மதிப்பூதியத்தையே கொடுங்கள்.