15, 17, 19

என் நம்பிக்கை ஒரே நாளில் போகவில்லை. 15 வயதில் கொஞ்சம், 17 வயதில் கொஞ்சம், 19 வயதில் மிச்சம் என்று தவணை முறையில் போனது. அது போனதில் எனக்கு வருத்தம் இல்லை. போன இடத்தில் எதை வைத்தோம் என்பதுதான் இன்று நான் உங்களிடம் பேச நினைப்பது.

எங்கள் ஊர் கொற்கைக்குப் பக்கம். தாமிரபரணிப் பாசனம், கண்ணுக்கு எட்டிய வரை வாழை. அதில் ஒரு மரமும் எங்கள் தெருக்காரர்களுக்குச் சொந்தமில்லை. அப்பா வாழைத்தார் சுமந்தார். நான் படித்து எஸ்.ஐ. ஆக வேண்டும் என்பது அவருடைய கணக்கு. "எய்யா, காக்கிச்சட்டை ஒண்ணு நம்ம தெருவுக்குள்ள வந்துட்டா, நம்மள எவனும் ஏல போலன்னு கூப்பிட மாட்டான்" என்பார். உடுப்புக்குச் சாதி கிடையாது என்று அவர் நம்பினார். அவர் நம்பியதால் நானும் நம்பினேன்.

1995 ஜூலையில் தென்மாவட்டங்களில் சாதி மோதல் தொடங்கியது. ஆகஸ்ட் 31 அன்று சுமார் 600 போலீசார் கொடியங்குளத்துக்குள் புகுந்தார்கள். எங்கள் மாவட்டத்திலேயே, ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் இருக்கும் தேவேந்திரர் ஊர் அது. வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்த பணத்தில் கொஞ்சம் தலை நிமிர்ந்திருந்த ஊர். ஆயுதம் தேடி வந்ததாகச் சொன்னார்கள். டி.வி., மின்விசிறி, தையல் மிஷின், வண்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் உடைத்தார்கள். குடிக்கிற கிணற்றைக் கெடுத்தார்கள். பாஸ்போர்ட்டுகளையும் படிப்புச் சான்றிதழ்களையும் அழித்தார்கள்.

அந்தச் செய்தியை டீக்கடைப் பேப்பரில் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டியது நான்தான். சான்றிதழ் என்ற வார்த்தை வந்ததும் அப்பா நிறுத்தச் சொன்னார். "சர்ட்டிபிகேட்டையுமா?" என்று கேட்டார். திரும்ப வாசித்தேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எஸ்.ஐ. வேலை பற்றி எங்கள் வீட்டில் பேச்சே இல்லை.

ஆயுதம் தேடுகிறவனுக்குச் சான்றிதழில் என்ன வேலை? டி.வி.யை மறுபடி வாங்கிவிடலாம். பாஸ்போர்ட்டும் டிகிரியும்தான் அந்த ஊர்ப் பிள்ளைகளைப் பண்ணைக் கூலியிலிருந்து வெளியே கொண்டுவந்தவை. எதை உடைத்தால் மறுபடி வயலுக்கு வருவார்கள் என்று தெரிந்துதான் உடைத்தார்கள் என்பது 15 வயதிலேயே எனக்குப் புரிந்தது. படி, முன்னேறு என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதி வைத்திருந்ததும் இதே அரசுதான்.

இரண்டாவது தவணை 1997. கட்டபொம்மன் படையில் தளபதியாக இருந்த வீரன் சுந்தரலிங்கம் ஓட்டப்பிடாரம் அருகே கவர்னகிரியைச் சேர்ந்தவர். அவர் பெயரை ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு வைத்தது. அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள். கலவரம் மூண்டது. அரசு என்ன செய்தது தெரியுமா? மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் எடுத்துவிட்டது. எங்கள் சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆனது அப்படித்தான். ஒரு தலித் வீரனின் பெயர் பஸ்ஸில் ஓடுவதைவிட, வ.உ.சி. பெயர் உட்பட எல்லாம் போனாலும் பரவாயில்லை என்ற முடிவு அது. இதற்கு நடுநிலை என்று பெயர் சொன்னார்கள். 1995இல் இருந்த கட்சி வேறு, 1997இல் இருந்த கட்சி வேறு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும், சிறையில் இருந்தவர்களை விடுவிக்கக் கோரியும் திருநெல்வேலியில் கலெக்டர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. ஆற்றுக்குள் ஓடியவர்களையும் விடவில்லை. ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். அந்த ஆறுதான் எங்கள் ஊர் வாய்க்காலுக்கு வருகிறது. நீதிபதி மோகன் ஆணையம் விசாரித்தது. போலீஸ் செய்தது சரி என்றது. கலெக்டர் தடுப்பார், இல்லாவிட்டால் நீதிபதி கேட்பார் என்று மனசின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சமும் அன்றோடு போனது.

உங்களில் பலருக்கு இதே வேலையை 2018 மே 22 செய்தது. ஸ்டெர்லைட்டுக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டார்கள். ஸ்னோலினுக்கு வயது 17. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 17 போலீஸ் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அந்த அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டப்படி இப்படிப்பட்ட அறிக்கை வெறும் பரிந்துரைதான், அரசைக் கட்டுப்படுத்தாது. இது தெரியாமல் ஆணையம் அமைத்ததையே நீதி கிடைத்ததாகக் கொண்டாடுகிறோம்.

சரி, நம்பிக்கை போய்விட்டது. அடுத்தது என்ன?

சிலர் "நமக்கெதுக்குப்பா" என்று ஒதுங்குகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. என் கவலை இன்னொரு கூட்டத்தைப் பற்றியது. இன்றைய அரசின் மேல் வைத்திருந்த நம்பிக்கையை எடுத்து, பழைய ராஜாவின் காலடியில் வைக்கிறவர்கள். "நாங்க ஆண்ட பரம்பரை, கொற்கைப் பாண்டியன் எங்க ஆளு" என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். நம் பிள்ளைகளும் வைக்கிறார்கள், நம்மை அடிக்கிறவன் வீட்டுப் பிள்ளைகளும் அதே பாண்டியனைத்தான் வைக்கிறார்கள்.

நான் கொற்கைக்காரன். அதனால் சொல்ல எனக்கு உரிமை உண்டு. கொற்கை முத்து ரோம் வரை போன பெருமையைப் பள்ளியில் படித்தோம். அந்த முத்தை எடுக்க மூழ்கியது யார்? சுமார் 2000 வருஷத்துக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளஸ் என்ற கடல்வழிக் குறிப்பு அதைச் சொல்கிறது. பாண்டியனின் கொற்கையில் முத்துக்குளிக்க இறக்கப்பட்டவர்கள் தண்டனைக் கைதிகள். மூச்சடக்கி மூழ்கியவன் ஒருவன், கழுத்தில் போட்டவன் வேறொருவன். நம் பாட்டன் அரண்மனையில் இருந்தானா, கடலுக்கடியில் இருந்தானா என்று எனக்குச் சந்தேகம் வருவதில்லை. அரண்மனையில்தான் இருந்தான் என்றே வைத்துக்கொண்டாலும், கைதியைக் கடலில் இறக்கிய சிம்மாசனத்தில் நமக்கு என்ன பெருமை?

அந்த இடத்தில் நான் வைத்தது கேள்வி. 1995இல் எஸ்.ஐ. கனவு போன பையனுக்குத் தெரியாத ஒன்றைச் சில வருஷம் கழித்துச் சட்டப் புத்தகத்தில் படித்தேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989லேயே வந்துவிட்டது. அதற்கான விதிகள் வெளியானது 1995 மார்ச்சில். கொடியங்குளத்துக்கு ஐந்து மாதம் முன்பு! கடமை தவறும் அரசு ஊழியரைத் தண்டிக்க அதில் பிரிவு 4 இருக்கிறது. டீக்கடையில் பேப்பர் வாசித்த எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

சட்டத்தை நம்புங்கள் என்று நான் சொல்லவில்லை. எடுத்துப் பயன்படுத்துங்கள் என்கிறேன். புகார் கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். விசாரிக்கிறவர் டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையக் கூடாது. கலெக்டர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். முதல்வர் தலைமையிலான மாநிலக் குழு வருஷத்துக்கு இரண்டு முறை. இதெல்லாம் யாரும் நமக்குப் போடும் பிச்சையில்லை, விதி.

2020இல் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் போலீஸ் அடியில் செத்தபோது, அந்த வழக்கை நிற்க வைத்தது எது? அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி, தான் பார்த்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்ன வாக்குமூலம். காக்கிக்குள்ளிருந்து ஒரு பெண் உண்மை பேசினார் என்பதற்காகக் காக்கியை நம்பத் தேவையில்லை. அவர் சொன்னது காகிதத்தில் பதிவானது, அதுதான் முக்கியம். பதிவாகாத அநியாயத்தை அரசு நடக்கவே இல்லை என்று சொல்லிவிடும். நம்மிடம் இருந்த காகிதத்தைக் கொளுத்தியவர்களிடம் இனி நாம் காகிதத்தோடுதான் போக வேண்டும்.

ஆகவே தம்பி, தங்கைகளே, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. உங்கள் மாவட்டக் கண்காணிப்புக் குழு கடைசியாக எந்தத் தேதியில் கூடியது, யார் யார் வந்தார்கள், எத்தனை வழக்கைப் பேசினார்கள், பிரிவு 4இல் இதுவரை எத்தனை அரசு ஊழியர் மீது நடவடிக்கை எடுத்தார்கள்? நான்கே கேள்வி, பத்து ரூபாய்க் கட்டணம். பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். மனுவின் நகலை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெய்பீம்.