இரண்டு முறை சூரியன் மறையும் ஊர்... அதற்கு மேலே ஒரு வீரனின் நினைவு!

மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் மறைகிறது. சற்று நேரத்தில் அதே மலையில் இருக்கும் ஓட்டை வழியாக மறுபடியும் எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டாவது முறை மறைகிறது! இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் உள்ள பார்கா என்ற மலையூரில், நவம்பரிலும் ஜனவரியிலும் சில நாட்கள் இந்த அதிசயத்தைப் பார்க்கலாம். ஓட்டையுள்ள அந்த மலைக்கு மோன்தே ஃபொராதோ என்று பெயர்.

லூக்கா நகரிலிருந்து செர்கியோ ஆற்றை ஒட்டியே ரயில் போகிறது. வழியில் போர்கோ அ மொட்ஸானோவில் இறங்கினால், 'பிசாசுப் பாலம்' கண்ணில் படும். சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட கல் பாலம் இது. ஒரு வளைவு மட்டும் வானத்தைத் தொடுவதுபோல உயர்ந்து நிற்கும். கட்டி முடிக்க உதவிய பிசாசு, பாலத்தை முதலில் கடக்கும் உயிரைக் கேட்டதாம். ஊர்க்காரர்கள் சாமர்த்தியமாக ஒரு நாயை அனுப்பிவிட்டார்கள் என்பது கதை.

அதே ஊரில் இன்னொரு காலத்தின் அடையாளமும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளைத் தடுக்க, கடலிலிருந்து கடல்வரை ஜெர்மானியர்கள் அமைத்த 'காதிக் கோடு' அரண், இந்தப் பள்ளத்தாக்கின் குறுக்கே போனது. மலையைக் குடைந்த சுரங்கங்களும் கான்கிரீட் பங்கர்களும் இன்றும் அப்படியே இருக்கின்றன. முன்கூட்டியே சொல்லி வைத்தால் உள்ளே அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள்.

பார்காவின் சிங்கங்கள்

பார்கா ரயில் நிலையம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஊர் சில கிலோமீட்டர் மேலே. கோட்டை வாசலைத் தாண்டியதும் சந்துகளும் படிகளும்தான். நடந்தே ஏற வேண்டும். உச்சியில் புனித கிறிஸ்டோபர் தேவாலயம். உள்ளே பளிங்கில் செதுக்கிய பிரசங்க மேடையின் தூண்களைச் சிங்கங்கள் சுமக்கின்றன. முற்றத்தில் நின்றால் எதிரே அபுவான் மலைத்தொடர் முழுசாகத் தெரியும்.

பிழைப்புக்காக ஸ்காட்லாந்து போன குடும்பங்கள் இங்கே ஏராளம். அதனால் கோடையில் இந்த ஊரில் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் திருவிழாவாகவே நடக்கிறது!

தன் மேலேயே குண்டு

பார்காவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலை, சொம்மொகொலோனியாவில் முடிகிறது. மிகச் சின்னக் கிராமம். உச்சியில் பழைய கோபுரத்தின் இடிபாடு. 1944 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விடியற்காலையில் ஜெர்மானியப் படை இங்கே புகுந்தது. கிராமத்தைக் காத்து நின்றவர்கள் அமெரிக்கக் கறுப்பினப் படைவீரர்களும், இத்தாலிய விடுதலைப் போராளிகளும்.

மற்றவர்கள் பின்வாங்க, லெப்டினன்ட் ஜான் ஃபாக்ஸ் ஒரு வீட்டு மாடியில் தங்கிவிட்டார். எங்கே குண்டு விழ வேண்டும் என்று பீரங்கிப் படைக்குத் தகவல் சொல்வது அவர் வேலை. எதிரி நெருங்க நெருங்க, குண்டுகளையும் தன் பக்கமாகவே நெருக்கிக்கொண்டு வந்தார். கடைசியில் தான் இருந்த வீட்டின் மேலேயே போடச் சொன்னார். அவருக்கு வயது 29. பிறகு மீட்கப்பட்டபோது, அவர் உடலைச் சுற்றிச் சுமார் 100 ஜெர்மானியர்களின் உடல்கள் கிடந்தன.

நிலைகுலைந்த அந்தப் பள்ளத்தாக்கைத் தாங்கிப் பிடிக்க விரைந்து வந்தது, எட்டாவது இந்தியக் காலாட்படைப் பிரிவு. சில நாட்களில் பார்கா மீட்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில், அமெரிக்காவின் மிக உயரிய விருதான மெடல் ஆஃப் ஆனர் ஒரு கறுப்பின வீரருக்குக்கூடத் தரப்படவில்லை. ஃபாக்ஸின் மனைவி கைக்கு அது வந்தது 1997-ல்! ஆனால் சொம்மொகொலோனியா மக்கள் அத்தனை காலம் காத்திருக்கவில்லை. போருக்குப் பிறகு தங்கள் ஊரில் உயிர்விட்ட எட்டு இத்தாலியர்களோடு, அவர் பெயரையும் சேர்த்து நினைவுச்சின்னம் எழுப்பிவிட்டார்கள்.

பார்காவைப் பார்க்கப் போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கி இந்தக் கிராமத்துக்கும் ஏறிவிட்டு வரலாம். டிக்கெட் வாங்கிப் பார்க்கும் பிரமாண்டம் எதுவும் அங்கே இல்லை. நின்று, பெயர்களைப் படித்து, ஒரு நிமிடம் தலைகுனிந்துவிட்டு இறங்கலாம்.