நாடற்றோரின் வெற்றி

1996 மார்ச் 17ஆம் நாள் லாகூரில் நடைபெற்ற உலகக் கிண்ணத் துடுப்பாட்ட இறுதிப்போட்டியை, கொத்மலைத் தோட்டமொன்றின் லயத்தில், வானொலியைச் சூழ்ந்திருந்து கேட்டோம். பாதுகாப்பைக் காரணங்காட்டிக் கொழும்பில் ஆட மறுத்திருந்த அவுஸ்திரேலிய அணி 241 ஓட்டங்களைப் பெற்றது. இலங்கை அணி 23 ஓட்டங்களுக்கு இரு விக்கெட்டுகளை இழந்தபோது லயமே மௌனித்தது. ஆட்டமிழக்காது 107 ஓட்டங்களைக் குவித்து அரவிந்த டி சில்வா வெற்றி தேடித்தந்தார். பத்து ஓவர்களில் 31 ஓட்டங்களையே விட்டுக்கொடுத்த முரளிதரனோ மலையகத் தமிழ் மரபினர்.

1948இன் சட்டத்தாற் குடியுரிமை இழந்த எம்மக்களுட் பலர் அன்றும் நாடற்றோரே; 2003ஆம் ஆண்டுச் சட்டமே அவர்க்கு வழி திறந்தது. எனினும் அன்றிரவு ஆரவாரித்தோருள் அவர்களும் இருந்தனர். சட்டம் ஏற்கத் தயங்கிய அம்மக்களின் நெஞ்சம் இந்நாட்டை முன்னரே ஏற்றிருந்தது.