இருபத்தொன்றில் வளையுமா?

ஹென்றி கிஸ்ஸிங்கரைத் தெரியாதவர்கள் குறைவு. அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்து, 2023-ல் தன் 100-வது வயதில் காலமானவர். அவருக்கு வால்டர் என்று ஒரு தம்பி இருந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? 1938-ல் நாஜிகளுக்குப் பயந்து அந்தக் குடும்பம் ஜெர்மனியை விட்டுக் கிளம்பியபோது அண்ணனுக்கு 15, தம்பிக்கு 14. ஒரே வீடு, ஒரே நியூயார்க். ஆனால் அண்ணன் கடைசிவரை கனமான ஜெர்மன் வாடையோடுதான் ஆங்கிலம் பேசினார். தம்பியோ அசல் அமெரிக்கர் மாதிரி! எப்படி என்று கேட்டவர்களிடம், காது கொடுத்துக் கேட்கிற கிஸ்ஸிங்கர் நான்தான் என்று தம்பி கிண்டலடித்ததாகச் சொல்வார்கள்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம்ம ஊர்ப் பெரியவர்கள் சொன்னதைத்தான் எரிக் லென்னபெர்க் 1967-ல் விஞ்ஞானமாகச் சொன்னார். பருவ வயதோடு, மொழியைத் தானாக உறிஞ்சிக்கொள்ளும் ஜன்னல் மூடிவிடுகிறது என்பது அவர் வாதம்.

சும்மா சொல்லவில்லை. 1984-ல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தி ஒலிகளைப் போட்டுக் காட்டினார்கள். த, ட இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது நம்ம 'பத்து', 'பட்டு' சமாச்சாரம். ஆறேழு மாதக் குழந்தைகளுக்கு அது கேட்டது. ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலும் கேட்கவில்லை. ஆக, சிக்கல் நாக்கில் மட்டும் இல்லை, காதிலேயே ஆரம்பிக்கிறது. காதுக்குப் பிடிபடாததை நாக்கு எப்படிச் சொல்லும்?

ஜோசஃப் கான்ராட் இன்னொரு உதாரணம். போலந்துக்காரர். இருபது வயதுக்கு மேல் ஆங்கிலம் கற்று, ஆங்கில நாவல் உலகையே ஒரு கலக்கு கலக்கினார். பேச்சில் மட்டும் போலிஷ் வாடை போகவே இல்லை.

அப்போ அவ்வளவுதானா என்றால், இங்கேதான் ஜூலி வருகிறார். (ஆய்வாளர்கள் வைத்த புனைபெயர்.) பிரிட்டிஷ் பெண். எகிப்தியரைக் கல்யாணம் செய்துகொண்டு 21 வயதில் எகிப்துக்குப் போனார். போன சில நாட்களில் கணவருக்கு ராணுவ அழைப்பு வந்துவிட்டது! மாமியார் வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. அரபி வகுப்புக்கும் போகவில்லை. பசித்தாலும் கோபம் வந்தாலும் அரபியில்தான் சொல்லியாகணும். 26 வருஷம் அங்கே வாழ்ந்த பிறகு, அவருடைய பேச்சைப் பதிவு செய்து 13 நடுவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். 8 பேர் இவர் எகிப்துக்காரர்தான் என்றார்கள். ஜார்ஜெட் ஐயூப் குழுவினர் 1994-ல் வெளியிட்ட ஆய்வு இது.

ஒரு ஜூலியை வைத்து பேலன்ஸ் ஷீட் எழுத முடியாதுதான். ஆனால் வழி முழுசாக அடைபடவில்லை என்று காட்ட ஒருவரே போதும். ஜப்பானியர்களுக்கு ஆங்கில ர-வும் ல-வும் ஒன்றுபோலக் கேட்கும். பலருடைய குரல்களில் அந்தச் சொற்களைத் திரும்பத் திரும்பக் கேட்க வைத்ததில், காது தேறியது. தனியாகப் பேச்சுப் பயிற்சி தராமலே உச்சரிப்பும் ஓரளவு தேறியது. வால்டர் சொன்னது வெறும் கிண்டல் இல்லை போல.

இதெல்லாம் யாருக்கு முக்கியம்? கால் சென்டர் இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கு! மன்ரோ, டெர்விங் என்ற இருவர் 1995-லேயே ஒன்றைக் காட்டினார்கள். கனமான அந்நிய உச்சரிப்போடு பேசினாலும், கேட்பவருக்குப் பேச்சு முழுசாகப் புரியலாம். அப்படியிருக்க, புரிகிறதா என்று பார்க்காமல் பிறந்த ஊர் தெரிகிறதா என்று பார்த்து மார்க் போடுவது அநியாயம்.

ஆனால் கம்பெனிகள் வேறு பக்கம் போகின்றன. இந்திய ஊழியர்களின் உச்சரிப்பைப் பேசும்போதே மாற்றித் தரும் மென்பொருளை டெலிபெர்ஃபார்மன்ஸ் பயன்படுத்துவதாக 2025-ல் செய்தி வந்தது. ஊழியர் வழக்கம்போலப் பேசலாம், அமெரிக்க வாடிக்கையாளர் காதில் மட்டும் வேறு மாதிரி விழும். சக ஊழியரோடு டீ குடிக்கும்போது பழைய உச்சரிப்புதான்.