பூட்டிய பெட்டியும் நேர்வழியும்

"அமெரிக்காக்காரன் மாதிரி நீயும் துப்பாக்கியோட அலையிறியாமே?" ஆவடியிலிருந்து சித்தப்பா போனில் கேட்டார். எச்.வி.எஃப் என்ற கனரக வாகனத் தொழிற்சாலையில் டாங்கி செய்தே ஓய்வு பெற்றவர். எனக்குச் சுருக்கென்றது. கனடாவில் நான் மிக மதிக்கும் ஒரு சட்டத்தை, அது என்னவென்று தெரியாமலே அவர் பழித்துவிட்டார்.

இங்கே கைத்துப்பாக்கி பெரும்பாலும் 'கட்டுப்படுத்தப்பட்ட' வகை. அதற்கான தனிப் பாதுகாப்புப் பயிற்சியில் தேறினால்தான் உரிமம். வீட்டை விட்டு வெளியே எடுக்க இன்னோர் அனுமதி. அந்த அனுமதியோடு போகக்கூடிய இடம், நாம் வாழும் மாகாணத்தில் அங்கீகாரம் பெற்ற சுடுதளம் மட்டுமே. பழுது பார்க்கக் கொண்டுபோவதென்றால் 2021 முதல் தனியாகக் கேட்க வேண்டும். எடுத்துப்போகும் துப்பாக்கியில் குண்டு இருக்கக் கூடாது, விசைக்குப் பூட்டு, உள்ளே இருப்பது தெரியாத, எளிதில் உடையாத பெட்டி, அதற்கும் ஒரு பூட்டு. நியாயமான நேர்வழியில் போக வேண்டும். போகிற வழியில் கல்யாண வீட்டில் தலையைக் காட்டிவிட்டுப் போக முடியாது. காரை விட்டு இறங்கினால் பெட்டி டிக்கிக்குள் பூட்டியிருக்க வேண்டும் என்பது வரை எழுதிவைத்திருக்கிறார்கள். துப்பாக்கி கைமாறுவதும் களவுபோவதும் வீட்டுக்கும் சுடுதளத்துக்கும் நடுவே நடக்கலாம் என்று யோசித்து எழுதிய சட்டம் இது. உரிமம் பெற்றவரை நம்புகிறது. அவருடைய மறதியை நம்புவதில்லை.

நம் ஊரிலும் விதி உண்டு. பொது இடத்தில் துப்பாக்கியை உறையிலிட்டு, முழுக்க மூடி, தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கச் சொல்கின்றன 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள். ஆனால் கவலையெல்லாம் உரிமத்தோடு முடிந்துவிடுகிறது. தேர்தல் வந்தால் 'ஸ்டேஷன்ல ஒப்படை' என்பார்கள். போட்டிக்குப் பயிற்சி எடுப்பவர் விலக்கு கேட்டு மனுவோடு நிற்பார். ஆவடிக்கென்று 2022-இல் தனிக் காவல் ஆணையரகமே வந்துவிட்டது. துப்பாக்கி சுடுதலை விளையாட்டாக எடுத்த திருமுல்லைவாயில் பிள்ளைக்கு, வீட்டிலிருந்து களம் வரை எப்படிப் போக வேண்டும் என்று ஒரே தாளில் அது எழுதிக் கொடுத்தால் என்ன?

அதற்காக ஆவடியைக் குறைத்துப் பேசினால் விடமாட்டேன். ராணுவத் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், சி.ஆர்.பி.எஃப், வீராபுரத்தில் சிறப்புக் காவல் படை என்று ஊரைச் சுற்றி ஆயுதம்தான். ஆனாலும் பக்கத்து அம்பத்தூர் தெருச் சண்டையில் யாரும் இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவிவிடுவாரோ என்று பயந்து நான் வளரவில்லை. ஆயுதம் அரசிடம் இருந்தது, வீட்டில் இல்லை. இங்கே, நம்மவர்கள் நிறைந்து வாழும் ஸ்கார்பரோவில் 2012 ஜூலையில், டான்சிக் தெரு விருந்தில் சுட்டுக்கொண்டதில் இரண்டு பேர் செத்தார்கள், இருபதுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். பெட்டியில் பூட்டி நேர்வழியில் போகிறவர்களா அதைச் செய்தார்கள்? 2022 அக்டோபர் 21 முதல் கனடாவில் கைத்துப்பாக்கியை வாங்கவோ விற்கவோ தடை. ஒழுங்காக இருந்தவர்களைத்தான் அது முதலில் பிடித்தது. எல்லை தாண்டி வரும் கள்ளத் துப்பாக்கி எந்தப் படிவத்தை நிரப்புகிறது?

சித்தப்பாவுக்கு என் பதில் இதுதான். வீடுகளில் துப்பாக்கி வேண்டாம் என்ற ஆவடியின் இயல்பு அப்படியே இருக்கட்டும். விளையாட்டுக்காக எடுக்கும் அந்தச் சிலருக்குப் பூட்டும் பெட்டியும் வழியும் எழுதிய தாளைக் கொடுங்கள். பிறகு, தேர்தல் மாதத்திலும் அவர்களைச் சுடுதளத்துக்குப் போகவிடுங்கள்.